சுறாவோடு நீந்தப் போகும் பிள்ளைகளுக்கு

குற்றாலத்தில் விழும் தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அந்த வகையில் நம் ஊரான குத்துக்கல்வலசையின் மக்களுக்கும் கடலுக்கும் உறவு உண்டு. ஆனாலும் அருவியும் கிணறும் குளமும்தான் நமக்குப் பழக்கம். கடல் என்றால் திருச்செந்தூரில் கால் நனைத்தது, அவ்வளவுதான். இப்போது நிலைமை மாறிவிட்டது. சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் விடுமுறைக்கு மாலத்தீவுக்குப் போகிறார்கள். அங்கே படகில் கூட்டிப்போய் ஆழ்கடலில் சுறாவோடு நீந்த விடுகிறார்கள். நான் மாலத்தீவுப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்து, அந்தக் கடலில் நீந்திப் பழகியவன் என்பதால், போகுமுன் என்னிடம் வந்து விவரம் கேட்கிறார்கள்.

கேட்டவர்களுக்குச் சொன்னதை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். சுறாவைப் பார்க்கப் போகிறவர் முதலில் தன்னை அடக்கப் பழக வேண்டும். கையை, காலை, மூச்சை, ஆசையை. அது கைவந்தால் மற்றதெல்லாம் எளிது.

1. கிணற்று நீச்சலை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் சுரைக்குடுக்கையோ லாரி டியூபோ கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் படித்தவர்கள். அந்தப் படிப்பு நல்லதுதான். ஆனால் கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கலாம். கடலில் பிடிக்க எதுவும் கிடையாது. அலை தூக்கும், நீரோட்டம் இழுக்கும், படகு தள்ளிப்போகும்.

உலகம் முழுக்க, காற்று உருளையைக் கட்டிக்கொண்டு முங்கும் ஸ்கூபா பயிற்சிக்குச் சேர்பவர்களிடம் ஒரு சோதனை வைக்கிறார்கள். நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும். எந்தத் துணையும் இல்லாமல் 10 நிமிடம் மிதக்க வேண்டும். அதை ஊரிலேயே செய்து பாருங்கள். 200 மீட்டரைப் பலரும் முக்கி முனகியாவது முடித்துவிடுவார்கள். 10 நிமிடம் கை கால் அடிக்காமல் மிதப்பதில்தான் திணறுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். உப்புத் தண்ணீர் நம்மைத் தூக்கிப் பிடிக்கும், மிதப்பது கிணற்றைவிட எளிது. பதறாதவருக்கு மட்டுமே அந்த உதவி கிடைக்கும்.

2. மாஸ்க்கும் ஸ்நார்கலும் ஊரிலேயே பழகிவிடுங்கள்.

மூக்கை மூடி வாயால் மட்டும் மூச்சு விடுவது உடம்புக்குப் புதிது. முதல் முறை எல்லோருக்கும் மூச்சு முட்டுவது போலத்தான் இருக்கும். அந்த முதல் முறை, கீழே அடி தெரியாத நீலக்கடலில் நடக்கக் கூடாது. ஒரு மாஸ்க்கும் ஸ்நார்கல் என்ற மூச்சுக் குழாயும் வாங்கி, நீச்சல் குளத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் அமுக்கிப் பழகுங்கள்.

மூன்று காரியங்கள் யோசிக்காமல் வர வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் புகுந்தால் ஒரே ஊதாக ஊதி வெளியேற்றுவது. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதுவது. காலில் ஃபின்ஸ் என்ற துடுப்பு மாட்டியபின் முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து மெதுவாகக் கால் அசைப்பது. மாஸ்க் முகத்தில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள். கீழே விழாமல் ஒட்டிக்கொண்டால் அது உங்களுக்கான மாஸ்க். மீசை, முகத்துக்கு வந்த முடிக்கற்றை இரண்டும் தண்ணீரை உள்ளே விடும், கவனியுங்கள்.

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொள்ள வெட்கப்படாதீர்கள். மேலே மிதந்துகொண்டே பார்த்தாலும் சுறா அதே சுறாதான். முங்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல முறை வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டுவிட்டு முங்காதீர்கள். மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி உயிர் விட்டிருக்கிறார்கள்.

3. உடம்பிடம் உண்மை பேசுங்கள்.

இந்தப் பயணங்களில் உயிர் போவது பெரும்பாலும் நீரில் மூழ்கியோ இதயம் நின்றோதான். சுறாவால் போவது மிகமிக அரிது. ஆகவே நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களும், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயநோய், ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட வேண்டும். ஸ்கூபா பயிற்சிக்கு உடல்நிலைப் படிவம் தருவார்கள். அதில் பொய் எழுதினால் ஏமாறுவது நீங்கள்தான். சளி பிடித்திருக்கும்போது முங்கினால் காது பழுதாகும்.

படகு ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு, படகு ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். குமட்டல் தொடங்கியபின் போட்டால் வேலை செய்யாது. வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டச் சாப்பாடும் வேண்டாம். முந்தின இரவு குடித்தவர் மறுநாள் காலை கடலில் இறங்கவே கூடாது. ஸ்கூபா செய்தவர்கள் கடைசியாக முங்கியதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே 18 மணி நேரமாவது விட வேண்டும். ஊர் திரும்பும் நாளுக்கு முந்தின பிற்பகலில் ஆழத்துக்குப் போகும் திட்டம் வேண்டாம்.

4. எந்தச் சுறா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சுறா என்பது ஒரே வகை மீன் அல்ல. உலகில் 500க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருக்கின்றன. சுற்றுலாப் படகுகள் காட்டுபவை ஒருசில மட்டுமே.

திமிங்கலச் சுறா உலகின் மிகப் பெரிய மீன். 18 மீட்டர் வரை வளர்ந்ததாகப் பதிவு உண்டு. உடலெல்லாம் வெள்ளைப் புள்ளி. வாயைத் திறந்து தண்ணீரை உள்ளே வாங்கி, மிதவை உயிர்களையும் சிறு மீன்களையும் மீன் முட்டைகளையும் வடிகட்டித் தின்னும். முதன்முதலில் கடலில் இறங்குகிறவர்கள் தேட வேண்டியது இதைத்தான்.

பவளத்திட்டுகளில் திரியும் கருமுனைச் சுறாவும் வெண்முனைச் சுறாவும் பெரும்பாலும் ஆளைக் கண்டால் விலகிப் போகிறவை. மாலத்தீவின் வாவு பகுதியில் கூட்டமாகக் காட்டப்படும் நர்ஸ் சுறா கடலடியில் படுத்துக் கிடக்கும். பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஆனால் சீண்டினால் கடிக்கும், கடித்தால் எளிதில் விடாது. மாலத்தீவின் தென்கோடியில் ஃபுவாமுலாவில் புலிச்சுறாவைக் காட்டுகிறார்கள். அது பெரிய இரையைக் கொல்லக்கூடிய மீன். ஸ்கூபாவில் நல்ல பழக்கமும் நிதானமும் உள்ளவர்கள், தேர்ந்த வழிகாட்டியோடு மட்டும் போக வேண்டிய இடம் அது. முதல் பயணத்திலேயே புலிச்சுறா என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்.

5. எங்கே, எப்போது என்பதைத் தெரிந்து போங்கள்.

நமக்கு மிக அருகில் உள்ள மன்னார் வளைகுடாவிலேயே சுறாக்கள் உண்டு. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்தத் தீவுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் கால் வைக்கக் கூடாது. தெரிந்த படகுக்காரர் கூப்பிடுகிறார் என்று போகாதீர்கள்.

லட்சத்தீவிலும் அந்தமானிலும் ஸ்கூபா செய்கிறவர்கள் பவளத்திட்டுச் சுறாக்களைப் பார்க்கிறார்கள். கர்நாடகத்தில் முருதேஸ்வரத்துக்கு அப்பால் உள்ள நேத்ராணித் தீவும் பயிற்சிக்கு ஏற்ற இடம். திமிங்கலச் சுறாவைப் பார்க்க வாய்ப்பு அதிகம் உள்ள இடம் மாலத்தீவின் தெற்கு ஆரி. அங்கே ஆண்டு முழுதும் அது வருகிறது; வருபவை பெரும்பாலும் முழு வளர்ச்சி அடையாத ஆண் மீன்கள். 2009 முதல் அது பாதுகாக்கப்பட்ட கடல்பகுதி. பா பகுதியில் உள்ள ஹனிஃபாருவில் மே, ஜூன் முதல் நவம்பர் வரை ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. சில நாள் திமிங்கலச் சுறாவும் வரும். நமக்குச் சாரலைத் தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கே மிதவை உயிர்களைக் கொண்டுவந்து ஒதுக்கி அவற்றுக்கு விருந்து வைக்கிறது. ஹனிஃபாருவில் ஸ்கூபா கிடையாது; ஸ்நார்கல் மட்டும்தான், அதுவும் நேரக் கணக்கோடு.

6. பணம் கட்டும் முன் கேள்வி கேளுங்கள்.

விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுகிறவர்கள் அதிகம். வேறு சில கேள்விகளும் கேட்க வேண்டும். எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? அவர் எங்களோடு தண்ணீரில் இறங்குவாரா, படகிலேயே நிற்பாரா? படகில் ஆக்சிஜன், முதலுதவிப் பெட்டி, வயர்லெஸ் உண்டா? நாங்கள் தண்ணீரில் இருக்கும்போது படகில் எங்களையே பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் உண்டா? சுறா வராவிட்டால் என்ன செய்வீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை வைத்தே ஆளை எடை போடலாம். “கட்டாயம் வரும், நாங்கள் வரவழைப்போம்” என்றால் இரை போடுகிறார்கள் என்று பொருள். “காட்டு விலங்கு, வந்தால் பார்க்கலாம், வராமலும் போகலாம்” என்று சொல்கிறவரே நம்பத்தக்கவர்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இரண்டு ஊர்கள் இதற்குச் சாட்சி. டொன்சொல் என்ற ஊரில் 1998 முதல் திமிங்கலச் சுறாச் சுற்றுலா நடக்கிறது, இரை போடுவதில்லை. மீன் வரும் பருவத்தில் போனால் பார்க்கலாம். ஒஸ்லோபில் 2011 முதல் சிறு இறாலைக் கையால் போட்டு வரவழைக்கிறார்கள். அங்கே எந்த நாள் போனாலும் பார்க்கலாம். ஆனால் அந்த மீன்கள் போக வேண்டிய தூரம் போகாமல் அந்தக் கரையிலேயே தங்கிவிடுகின்றன. படகைக் கண்டால் விலகாமல் படகை நோக்கி வரப் பழகிவிட்டன. உடம்பெல்லாம் உரசிய தழும்பு. நம் காசு எந்த வழிக்குப் போக வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

7. வழிகாட்டி சொல்வதை முழுதாகக் கேளுங்கள், சொன்னபடி நடங்கள்.

படகு கிளம்பும் முன் பத்து நிமிடம் விளக்கம் சொல்வார்கள். அப்போது செல்போனைப் பார்க்காதீர்கள். கைச்சைகை, யாருக்கு யார் துணை, படகு எந்தப் பக்கம் நிற்கும், கூட்டத்தைவிட்டு விலகிவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அப்போதுதான் சொல்லப்படும்.

குற்றாலம் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டினால் போலீஸ் விசில் ஊதும், எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருந்தாலும் அங்கே பேரம் பேசுவதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனதை நாம் மறக்க முடியாது. மலையில் பெய்த மழை, கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. கடலிலும் அப்படித்தான். நீரோட்டம் திரும்புவதை வழிகாட்டி அறிவார். நாம் அறிய மாட்டோம். “இன்று இறங்க வேண்டாம்” என்று அவர் சொன்னால், கட்டிய பணத்தைக் காட்டி அவரை வற்புறுத்தாதீர்கள். அவர் ஏறச் சொன்னால், சுறா பக்கத்தில் வந்துகொண்டிருந்தாலும் ஏறிவிடுங்கள்.

8. சத்தமில்லாமல் இறங்குங்கள்.

படகு எஞ்சின் விசையை நிறுத்தி, வழிகாட்டி கை காட்டிய பிறகுதான் இறங்க வேண்டும். சுழலும் புரொபெல்லர் சுறாவைவிடப் பல மடங்கு ஆபத்து. தெற்கு ஆரியில் வரும் திமிங்கலச் சுறாக்கள் பலவற்றின் முதுகிலும் துடுப்பிலும் படகு வெட்டிய தழும்பு இருக்கிறது. அத்தனை தடித்த தோலையே அறுப்பது நம்மை என்ன செய்யும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். படகின் பின்புறம் போகவே வேண்டாம்.

கிணற்று மேட்டிலிருந்து குதிப்பதுபோல் ‘தொபுக்’கென்று குதிக்காதீர்கள். விளிம்பில் உட்கார்ந்து மெல்ல வழுக்கி இறங்குங்கள். இறங்கியதும் முதலில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துச் சுற்றிலும் கீழேயும் பாருங்கள். பிறகு துணையாளரைப் பாருங்கள், பிறகு வழிகாட்டியை. மூன்று நான்கு முறை நீளமாக மூச்சு விட்டபின் நகருங்கள்.

9. தூரம் விடுங்கள்.

திமிங்கலச் சுறாவின் உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர். மாலத்தீவிலும் ஆஸ்திரேலியாவின் நிங்காலுவிலும் இதுதான் கணக்கு. வாலுக்குக் கூடுதல் தூரம் ஏனென்றால் அது பக்கவாட்டில் வீசும்; அந்த அடி எலும்பை முறிக்கும். அதற்கு முன்னால் போய் வழியை மறிக்காதீர்கள், மேலே மிதந்து நிழல் போடாதீர்கள், கீழே முங்கி அடியிலிருந்து எழாதீர்கள். பக்கவாட்டில், அதன் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், அது போகும் திசையிலேயே நீந்துங்கள்.

அது சோம்பலாகப் போவதுபோலத் தெரியும். மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் போகிறது. ஃபின்ஸ் மாட்டியவர்கூட அதிக நேரம் ஈடுகொடுக்க முடியாது. துரத்தினால் மூச்சு வாங்கும், துணையாளரைவிட்டுப் பிரிந்துவிடுவீர்கள், மீனும் மிரண்டு ஆழத்துக்குப் போய்விடும். பின்னால் வருகிறவர்களுக்கும் காட்சி கெடும். துரத்தாமல் நின்றவர்களிடம் அது தானாகத் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

10. தொடாதீர்கள்.

இதற்கு விதிவிலக்கு கிடையாது. சின்னது, பெரியது, சாது, பழகியது என்று யார் சொன்னாலும் சரி. மீனின் உடம்பில் நோய் தாக்காமல் காக்கும் வழவழப்புப் படலம் இருக்கிறது. நம் கை பட்டால் அது கலையும். நர்ஸ் சுறாவைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் உண்டு. துடுப்பைப் பிடித்துக்கொண்டு சவாரி செய்வது மீனுக்குச் செய்யும் கொடுமை. கை தானாக நீளும் பழக்கம் இருந்தால், இரு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு நீந்துங்கள். ஃபின்ஸ் போட்டவருக்குக் கை தேவையே இல்லை.

11. வேறு சுறா வந்தால் என்ன செய்வது?

திமிங்கலச் சுறாவைத் தேடிப் போன இடத்தில் வேறு சுறா வரலாம். கடல் அவற்றின் வீடு. வந்தால் கை கால் அடித்துத் தண்ணீரைக் கலக்காதீர்கள். அடிபட்ட மீன்தான் அப்படித் துடிக்கும். படுத்த நிலையிலிருந்து நிமிர்ந்து, செங்குத்தாக நில்லுங்கள். அதன் மேலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். அது சுற்றினால் நீங்களும் அதை நோக்கித் திரும்புங்கள். துணையாளரோடு நெருங்கி நின்று, முதுகு காட்டாமல் மெதுவாகப் படகை நோக்கிப் பின்வாங்குங்கள். சாம்பல்நிறத் திட்டுச் சுறா முதுகை வளைத்து, பக்கத் துடுப்புகளைக் கீழே இறக்கி, விறைப்பாக நீந்தினால் ‘விலகிப் போ’ என்று எச்சரிக்கிறது என்று பொருள். உடனே விலகுங்கள்.

மோதிரம், செயின், கொலுசு எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். வெயிலில் மின்னும் நகை, மீன் செதில்போலத் தெரியும். விடிகாலையிலும் அந்தி நேரத்திலும் பல சுறாக்கள் இரை தேடும். அப்போது நீந்த வேண்டாம். ஆற்று முகத்துவாரம், கலங்கிய தண்ணீர், மீன் கழிவு கொட்டும் துறைமுக வாய் ஆகிய இடங்களையும் தவிர்த்துவிடுங்கள். மாதவிடாய் நாட்களில் கடலில் இறங்கலாமா என்று பெண்பிள்ளைகள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். அதனால் சுறா தாக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உடம்பு ஒத்துழைத்தால் தாராளமாக இறங்கலாம்.

12. பயத்தை மறைக்காதீர்கள், பழக்குங்கள்.

நம் தமிழ்க்கடலில் சுறாவுக்கு நடுவே முங்கியவர்கள் பல நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறார்கள். தூத்துக்குடியிலும் மன்னாரிலும் முத்துக்குளித்தவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கல்லின் கனத்தில் கடலடிக்கு இறங்கி, ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில் சிப்பியைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்தார்கள். மாஸ்க் கிடையாது, ஃபின்ஸ் கிடையாது. அவர்களுக்கும் சுறாவிடம் பயம் இருந்தது. அதற்காக மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டி என்ற ஆள் இருந்தார், பரம்பரை உரிமை. அவர் வராமல் குளியாட்கள் முங்க மாட்டார்கள். 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, மீனைக் கட்டும் மந்திரக்காரர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறார். ஆங்கிலேயர் காலத்திலும் அந்தப் பதவி தொடர்ந்தது. தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை, கடல்கட்டியும் இல்லை.

மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டிருக்காது. ஆனால் முங்கியவரின் மனம் அதனால் கட்டுப்பட்டது. பதற்றமில்லாமல் இறங்கினார், ஒரே மூச்சில் வேலையை முடித்தார், வீணாகக் கை கால் அடிக்கவில்லை. அந்த நிதானம்தான் அவரைக் காத்தது என்று நான் நினைக்கிறேன். இன்று நமக்கு மந்திரம் வேண்டாம், விவரம் போதும். உலகெங்கும் மனிதர் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்களை அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உள்ள பதிவகம் தொகுக்கிறது. 2023இல் 69, 2024இல் 47. உலகம் முழுதும், ஓர் ஆண்டு முழுதும் நடந்தவை இவ்வளவே.

இதையெல்லாம் தெரிந்தபிறகும் படகின் விளிம்பில் உட்கார்ந்ததும் வயிற்றைப் பிசைந்தால், அதை வாய்விட்டு வழிகாட்டியிடம் சொல்லுங்கள். நல்ல வழிகாட்டி உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அப்படியும் முடியாவிட்டால் படகிலேயே இருங்கள். மேலே இருந்து பார்த்தாலும் அந்தப் புள்ளி முதுகு தெரியும். நண்பர்களின் கேலிக்காகத் தண்ணீரில் இறங்குவது வீரம் ஆகாது.

13. உங்களைப் படம் எடுக்காதீர்கள்; மீனைப் படம் எடுங்கள்.

செல்ஃபிக்காக மீனுக்கு முதுகு காட்டுகிறவர் தூரத்தையும் மறப்பார், துணையாளரையும் மறப்பார். செல்ஃபி குச்சியைப் படகில் வைத்துவிடுங்கள். ஃபிளாஷ் கூடாது.

பயனுள்ள படம் ஒன்று உண்டு. திமிங்கலச் சுறாவின் இடப்பக்கம், செவுளுக்குப் பின்னால் உள்ள புள்ளிகள். நம் கைரேகைபோல அந்தப் புள்ளிக்கோலம் ஒவ்வொரு மீனுக்கும் தனி. வானத்து நட்சத்திரப் படங்களை ஒப்பிட உருவான கணக்குமுறையைக் கொண்டே இந்தப் புள்ளிகளையும் ஒப்பிட்டு, எந்த மீன், முன்பு எங்கே பார்த்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். மாலத்தீவில் 2006 முதல் இயங்கும் திமிங்கலச் சுறா ஆய்வுத் திட்டம், சுற்றுலாப் பயணிகள் அனுப்பும் படங்களையும் பயன்படுத்துகிறது. நாள், இடம், நேரத்தோடு படத்தை அனுப்பினால் உங்கள் விடுமுறை ஓர் ஆராய்ச்சிக்கு உதவும்.

14. அந்த ஊர் மக்களுக்கு மரியாதை கொடுங்கள்.

மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. நீச்சல் உடையோடு தெருவில் நடக்கக் கூடாது. அதற்கென்று தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் சத்தம் போடாதீர்கள். நம் ஊருக்கு சீசனில் வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அப்படி அங்கே நடந்துகொள்ளுங்கள்.

அந்த மக்கள் 1995இலேயே திமிங்கலச் சுறாவைப் பிடிக்கத் தடை போட்டார்கள். 2010இல் சுறாப் பிடிப்பு முழுவதையும் நிறுத்தினார்கள். அதை நம்பிப் பிழைத்தவர்கள் அந்தத் தொழிலை விட வேண்டியிருந்தது. நாம் தண்ணீரில் காணும் ஒவ்வொரு சுறாவுக்கும் பின்னால் அவர்கள் விட்டுக்கொடுத்தது இருக்கிறது.

15. திரும்பி வந்தபின் செய்ய வேண்டியது.

உலகில் ஓர் ஆண்டில் கொல்லப்படும் சுறாக்கள் சுமார் 10 கோடி இருக்கும் என்று 2013இல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். சுறா மெதுவாக வளரும், தாமதமாகப் பருவத்துக்கு வரும், குறைந்த குட்டிகளே போடும். பிடிக்கும் வேகத்துக்கு அது பெருக முடியாது. சுறாவை அதிகம் பிடிக்கும் நாடுகளில் நம் நாடும் ஒன்று.

நல்ல செய்தியும் நம் நாட்டில் உண்டு. குஜராத் கரையில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றுவந்தார்கள். அந்தக் கொடுமையை மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் 2000இல் உலகுக்குக் காட்டியது. 2001 மே மாதம் இந்திய அரசு அந்த மீனை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது; அப்படிச் சேர்க்கப்பட்ட முதல் மீன் அதுதான். சட்டத்தோடு நிற்காமல், 2004 முதல் குஜராத் வனத்துறையும் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் கரையோர ஊர்களில் இறங்கி வேலை செய்தன. கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, அது பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்று மீனவர்களிடம் எடுத்துச் சொன்னார். கொன்ற கைகளே வலையை அறுத்து அதை விடுவிக்கத் தொடங்கின. அறுத்த வலைக்கு அரசு பணம் கொடுத்தது. அப்படி விடுபட்ட மீன்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. 2013இல் சுறாக்களின் துடுப்பை மட்டும் கடலிலேயே வெட்டிக்கொண்டு உடலை எறிவது தடை செய்யப்பட்டது. 2015இல் சுறாத்துடுப்பு ஏற்றுமதியும் நின்றது.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கும் வழக்கம் உண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிடிபட்டதை விற்றுப் பிழைக்கும் மீனவரையும் குற்றவாளி ஆக்கவில்லை. ஆனால் கடலில் சுறாவைக் கண்ணாரக் கண்டுவந்த பிள்ளை, சந்தையில் முழங்கை நீளச் சுறாக்குட்டிகளைக் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்த்தால், இதை வாங்கத்தான் வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். குட்டியை வாங்காதிருப்பது நம்மால் முடியும். சுறாவில் பாதரசம் சேர்கிறது என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதைத் தவிர்ப்பது நல்லது என்று மருத்துவர்கள் சொல்வதையும் வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

பிள்ளைகளே, போய் வாருங்கள். 10 நிமிடம் அசையாமல் மிதக்கத் தெரிந்தபின் போங்கள். இரை போடாத படகில் ஏறுங்கள். கையைக் கட்டிக்கொண்டு, 3 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அந்த மீனைச் சினிமாப் பேயாக நினைத்து வளர்ந்த நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகளிடம், கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள். சுறா பிழைக்கவேண்டுமானால் கடற்கரை ஊர்கள் மட்டும் மனம் மாறினால் போதாது. மலையடிவாரத்தில் இருக்கும் நாமும் மாற வேண்டும்.